முதுகுக்கு ஒருவர், மூடிக்கு ஒருவர்

பழம்பொருள் வியாபாரத்தில் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. அழுக்கைத் துடைக்காமல் விட்டால் போதும். கடை வைத்து ஈ ஓட்டும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

விபூதி

மஸ்கட்டிலிருந்து திரும்பி, கொச்சி மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடை திறந்த புதிது. கடையில் எனக்கிருக்கும் ஒரே ஆள் சரளா சேச்சி, பாலக்காட்டுத் தமிழ். ஒரு கறுத்த வெள்ளித் தட்டை விபூதி போட்டுத் தேய்த்து நிலா மாதிரி ஆக்கி வைத்திருந்தார். அதை வாங்குவதாகச் சொல்லிப் போன கோயம்புத்தூர்க்காரர் மறுநாள் வந்து தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் பழசா இருந்துச்சுங்களே, எப்பங்க புதுசு பண்ணுனீங்க?"

புரை

அதன்பிறகு வெள்ளியைத் தேய்ப்பதில்லை. மூணாறு தோட்ட பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்த கிண்ணமும் கறுத்தே கிடந்தது. இரண்டு கைப்பிடி, ஒரு மூடி, பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றின் சின்னம். அதிகாரிகள் விருந்தில் கைமாற்றிக் குடிக்கும் கிண்ணம் அது. குடிப்பவருக்கு இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து யாராவது குத்திவிடலாம். அதனால் ஒருவர் எதிரே நின்று மூடியைப் பிடிப்பார், இன்னொருவர் முதுகோடு முதுகாக நின்று காவல் காப்பார். அது வழக்கம்.

என் மனைவியும் மகளும் மஸ்கட்டிலேயே இருந்துவிட்டார்கள். போன் பேச்சு வரவரச் சுருங்கிக்கொண்டே போகிறது. ஒரு மத்தியானம் கிண்ணத்தைக் கழுவி, தண்ணீர் ஊற்றித் தனியாகக் குடித்துப் பார்த்தேன். புரையேறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சேச்சி தூசி தட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆரோ நெனைக்கிறாங்க சார். ஆருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

கட்டஞ்சாயா

வெலிங்டன் தீவில் சுற்றுலாக் கப்பல் நின்ற ஒரு நாள், வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தடியூன்றித் தனியாக வந்தார். கிண்ணத்தின் சின்னத்தை விரலால் தடவியவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய படைப்பிரிவாம். அதைக் கலைத்து வருஷங்களாகிவிட்டன. ஒரே மேஜையில் உண்டவர்களில் அவர்தான் மிச்சம். விலை கேட்கவில்லை. கப்பல் கிளம்புவதற்குள் ஒரு தடவை இதில் குடிக்க வேண்டும், முறைப்படி குடிக்க வேண்டும் என்றார்.

முறைப்படி என்றால் முதலில் பளபளக்க வேண்டும். நான் தயங்கினேன், கறுப்புப் போனால் விலையும் போச்சு. சேச்சி என்னைக் கேட்காமலே விபூதியும் துணியுமாக வந்தார். துணியை அவரிடமிருந்து வாங்கிக் கிழவரே தேய்த்தார்.

பக்கத்துக் கடையிலிருந்து பால் சேர்க்காத கட்டஞ்சாயா வாங்கி ஊற்றினோம். சேச்சி மூடியைப் பிடித்தார். நான் திரும்பி நின்று தெருவைக் காவல் காத்தேன். ஒரு ஆட்டைத் தவிர எதிரி யாரும் தென்படவில்லை. வியர்த்த சட்டை வழியே கிழவர் முதுகின் சூடு என் முதுகுக்கு வந்தது. இப்படி ஒரு சூடு பட்டு எத்தனை காலம் என்று நினைப்பதற்குள் அவர் குடித்து முடித்துவிட்டார்.

"எடுத்துக்கொண்டு போங்கள், விலை பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். மூடியைப் போட்டு, கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"வீட்டில் வைத்து என்ன செய்வேன்? என் முதுகுக்கு அங்கே ஆள் இல்லை."

கிண்ணம் இன்னும் கடையில்தான் இருக்கிறது; அந்தப் பளபளப்பில் யாரும் அதைப் பழசென்று நம்புவதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை.