முப்பத்தாறு பார் ரெஸ்ட்

துரைப்பாண்டிக்கு வலப்பக்க உதடு மரத்துப்போய் மூன்று வருடமாகிறது. ராணுவ பேண்டில் இருபத்திரண்டு வருடம் ட்ரம்பெட் வாசித்தவர். பென்ஷன் வாங்கிய பிறகு சென்னையில் நியாஸ் அகமதுவின் வாத்தியக் குழுவில் சேர்ந்தார். ஒருநாள் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓரமாக வழிந்தது. முகவாதம். முகம் முக்கால்வாசி சரியானது. உதடு மட்டும் ஊதுவதற்கு ஆகவில்லை. மனைவி முத்துமாரியோடு சங்கரன்கோவிலுக்கே திரும்பிவிட்டார்.

நியாஸும் பக்கத்துக் கடையநல்லூர்க்காரர்தான், அவரை விடவில்லை. கையால் எழுதிய இசைத்தாள்களைப் படமெடுத்து அனுப்புவார். துரைப்பாண்டி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வாத்தியத்துக்கு ஒரு தாளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த மென்பொருளில் கோடும் புள்ளியும் வரைய முடியாது. எல்லாவற்றையும் எழுத்தாக அடிக்க வேண்டும். அதுவே இசைக்குறியாக மாற்றி அச்சிடும். பக்கத்து வீட்டு விசைத்தறி நாள் முழுக்க ஓடும். அது அவர் காதில் விழுவதேயில்லை.

மாசியில் ஒரு ட்ரம்பெட் தாள் வந்தது. நடுவே முப்பத்தாறு பார், அதாவது முப்பத்தாறு தாளச் சுற்று, சும்மா இருக்க வேண்டும். ரெஸ்ட்டுக்கு உரிய சின்ன 'ஆர்' எழுத்தை முப்பத்தாறு தடவை அடித்து அனுப்பினார்.

நியாஸ் கூப்பிட்டார். "பக்கம் பூரா ரெஸ்ட்டாக் கெடக்கு வே. வேல்விழி எண்ணி எண்ணித் தெணறுதா."

துரைப்பாண்டியின் இடத்துக்கு வந்தவள் வேல்விழி.

மென்பொருளின் உதவிப் பக்கங்களைத் தேடிப் படித்தார். சின்ன எழுத்து ஒன்றோடொன்று சேராது. பெரிய 'ஆர்' போட்டு, முப்பத்தாறால் பெருக்கி, சுருக்கச் சொல்லும் கட்டளையையும் சேர்க்க வேண்டும். செய்தார். தடித்த ஒரே கோடு, மேலே 36. அனுப்பினார்.

மறுநாளும் போன். "'பி' அடையாளத்துல இருந்து எடுங்கன்னு சொல்லுதேன். அவ தாள்ல 'பி'யே இல்ல வே!"

இருபது பார் முடிந்ததும் வரவேண்டிய 'பி'யை, ஒத்திகையில் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதற்கான அந்த எழுத்தை, அவர் அடிக்கவே இல்லை. எத்தனையோ ஒத்திகையில் உட்கார்ந்தவருக்கு இது தெரியாததா? வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது. வெட்கம் வரவில்லை.

இருபது, அடையாளம், பிறகு பதினாறு என்று உடைத்தார். கையோடு அந்தப் பதினாறில் கடைசி இரண்டை மட்டும் பிரித்து, அங்கே வயலின் வாசிப்பதைப் பொடி எழுத்தில் போட்டார். யாரும் கேட்கவில்லை. வாசித்த காலத்தில் இந்த மாதிரி இடங்களில் அவர் எண்ணிக்கையை நம்பமாட்டார். வயலினைக் கேட்டுத்தான் மூச்சை இழுப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் நியாஸ் ஒத்திகையை வீடியோவில் காட்டினார். முத்துமாரியும் வந்து நின்றாள். வயலின் ஏறியது, வேல்விழி ட்ரம்பெட்டை உயர்த்தினாள், பிசகாமல் நுழைந்தாள்.

"நல்லா வாசிக்கா" என்றாள் முத்துமாரி. "ஒங்களுக்கு எப்படி இருக்கு?"

"சரியான எடத்துல வந்துட்டா."

"அதக் கேக்கல."

அவர் யோசித்துப் பார்த்தார். பல் பிடுங்க ஊசி போட்ட இடத்தைத் தொட்டுப் பார்ப்பது போலிருந்தது.

"ஒண்ணும் இல்லட்டி."

அவள் அடுப்படிக்குப் போனாள்.

சாயங்காலம் வேல்விழியிடமிருந்து செய்தி வந்தது. 'அந்தக் குட்டி வயலின் வரி இல்லைன்னா விட்டிருப்பேன் சார். இனிமே எல்லாத் தாள்லயும் போடுங்க.'

'சரி' என்று பதில் அனுப்பிவிட்டு, அடுத்த படத்தைத் திறந்தார். புல்லாங்குழல். ஐம்பத்தெட்டு பார் ரெஸ்ட். எந்தெந்த இடத்தில் உடைக்க வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தார்.