பினாங்கிலிருந்து வந்த நான்கு பெண்கள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அந்த வயதில் எனக்குக் கிடையாது. டீச்சராகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. திமிருக்கு அது போதும்.

திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் குடும்பம் நடத்திய பெண்கள் பள்ளியில் வேலை. குடியிருந்ததும் அந்தக் குடும்பத்து ஆச்சி வீட்டின் முன்கட்டு அறையில்தான். ஆச்சியின் கணவர் பினாங்கில் கடை வைத்திருந்தார். மகள் கல்யாணத்துக்கென்று அவர் அனுப்பிய சாமான்களில் ஒரு பெட்டி நிறைய மரத்துண்டுகள் இருந்தன. ஒரு படத்தை நூற்றுக்கணக்கான துண்டுகளாக அறுத்து, நம்மையே திரும்பச் சேர்க்கச் சொல்லும் விளையாட்டு.

"முழுசா இருந்த படத்தை அவுக ஏன் அறுக்கணும், நாம ஏன் சேக்கணும்?" என்று கேட்டார் ஆச்சி. கேட்டவர் அன்று மாலையே ஒரு பெரிய பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பள்ளி விட்டு வந்து நானும் உட்காருவேன். ஒரு மாதம் பிடித்தது. ஜப்பான் நாட்டுப் படம். அடுக்கடுக்காக உடுத்தி, கொண்டை நிறைய ஊசி குத்திய நான்கு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு சிறுமிகள். பெட்டியின் அடியில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. அதில் முக்கியமான வார்த்தை எனக்குப் புரியவில்லை.

"ராணிகள், ஆச்சி" என்று அடித்துவிட்டேன்.

ஆச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லாம் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், பரப்பி வைப்பதும், பங்காளி வீட்டார் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசுவதும் அந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவில் ராணிகளையும் வைப்பதென்று முடிவாயிற்று. படத்தைப் பலகையோடு ஒட்டிச் சட்டம் அடித்தார்கள். "வெறும் நெத்தியோட கல்யாண வீட்டுல நிக்கலாமா?" என்று ஆச்சி தன் விரலால் அத்தனை பேருக்கும் குங்குமம் வைத்தார்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது திருக்கோகர்ணத்திலிருந்து அம்மா என்னைப் பார்க்க வந்தாள். அம்மா ஒரு காலத்தில் பொட்டுக் கட்டிக் கோயிலில் ஆடியவள். சர்க்கார் சட்டம் போட்டு அதெல்லாம் நின்றுபோயிருந்தது. ஆனால் ஊர் வாய் நிற்குமா? அப்பா இறந்துவிட்டார் என்பதற்கு மேல் அந்த ஊரில் நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. தெரிந்தால் அறையும் போய்விடும், வேலையும் போய்விடும்.

ஆச்சி அம்மாவுக்குக் காப்பி கொடுத்துப் படத்தைக் காட்டினார். அம்மா வெகுநேரம் பார்த்தாள். அறைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ராணின்னா சொன்ன? ராணிக்குப் பின்னால தாதி நிப்பா. அவ உடுத்துன மாதிரியே உடுத்திக்கிட்டு சின்னப்புள்ள எதுக்கு நிக்குது? தொழில் பழக வந்த புள்ளைடி அது. எங்க சின்னம்மா பின்னால நானும் இப்படித்தான் நின்னேன்."

ஓடிப்போய்ப் பெட்டியில் இருந்த அந்த வார்த்தையைப் பள்ளி அகராதியில் தேடினேன். அம்மா சொன்னதுதான் போட்டிருந்தது.

பங்காளிகளில் பாதிப் பேர் கடல் தாண்டிப் போய் வந்தவர்கள். ஒருவர் கண்டுகொண்டாலும் ஆச்சியின் மானம் சபையில் போகும், என் அரைகுறை இங்கிலீஷால். சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால்?

மறுநாள் காலை வளவுக்குப் போய்ச் சொன்னேன். "மன்னிச்சுக்கங்க ஆச்சி, தப்பாச் சொல்லிட்டேன். அகராதியில பாத்தேன். இவங்க ராணி இல்ல, தாசிங்க."

அகராதி என்றதும் ஆச்சி வேறு எதையும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார்; நான் பின்னாலேயே போனேன். பலகையோடு வெந்நீர் அடுப்பில் செருகினார்.

"கண்ட கழுதைகளுக்கு என் கையால குங்குமம் வச்சேனே! இதுகள வீட்டுக்குள்ள விட்டா வீடு வெளங்குமா டீச்சர்?"

"எங்கிட்டு வெளங்கும் ஆச்சி" என்றேன். சொன்னதோடு விட்டேனா? அவர் சிரித்தார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். நன்றாக, சத்தமாக.

திரும்பினால், கிணற்றடியில் அம்மா. முகம் கழுவ வந்திருக்கிறாள். செம்பு கையிலேயே இருந்தது.

இரண்டு நாள் இருப்பதாக வந்தவள் அன்றே கிளம்பினாள். புதுக்கோட்டை பஸ்ஸுக்காகச் சாலையில் நின்றோம். "என்னம்மா இவ்வளவு அவசரம்" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவளைப் போல. பஸ் வந்து நின்றதும் அம்மா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என் கையைப் பிடித்தாள்.

"நீ சொன்னதுல தப்பே இல்ல. பொழப்பைப் பாக்கணும்ல" என்றாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். "சிரிக்காம இருந்திருக்கலாம்."