கால் படாத இடம்

எங்கள் வீட்டில் அந்தச் செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கேட்டிருந்தால் அடித்துச் சத்தியம் செய்திருப்பார்கள். ஆனாலும் அது தண்ணீரில் ஊறித்தான் சாகக் கிடந்தது.

அப்போது நாங்கள் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, நான். நான் மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். கீழே சுக்கு மூட்டைகள், மேலே எங்களுக்குத் தும்மல். அப்பாவுக்கு அதே தெருவில் ஒரு மிளகுக் கடையில் மேற்பார்வை வேலை. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவார். அடியிலிருந்து இரண்டு மிளகை எடுத்துக் கடித்துப் பார்த்து, காய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் விலை கேட்டால் மட்டும் "பார்க்கலாம்" என்பார். வீட்டிலும் எதைக் கேட்டாலும் அதே "பார்க்கலாம்"தான். அதற்குச் சரி என்றும் அர்த்தம் உண்டு, நடக்காது என்றும் அர்த்தம் உண்டு. எது என்று கண்டுபிடிக்க அம்மாவுக்கே தெரியாது.

எங்கள் வீட்டின் பெரிய தொல்லை பூஜைத் தண்ணீர். அப்பா காலையும் மாலையும் சந்தியாவந்தனம் செய்வார். அவர் அர்க்கியம் விட்ட தண்ணீர் ஒரு தாம்பாளத்தில் நிற்கும். அம்மா வெண்கலக் கிருஷ்ணனைக் குளிப்பாட்டிய தண்ணீர் ஒரு கிண்ணத்தில் நிற்கும். ஏகாதசியன்று அதில் பாலும் சேரும். இவற்றைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, கால் படுகிற இடத்திலும் கொட்டக் கூடாது. ஏதாவது ஒரு செடியின் அடியில்தான் விடவேண்டும். பிடி மண்கூட இல்லாத மாடியில் செடிக்கு எங்கே போவது?

முன்பு ஒரு துளசித் தொட்டி இருந்தது. அது ஒழுகி, கீழே சுக்கு மூட்டை நனைந்து, கட்டிடத்துக்காரர் படியேறி வந்து கத்திவிட்டுப் போனதும் துளசி கோயிலுக்குக் குடிபோய்விட்டது. அதிலிருந்து அம்மா எல்லாத் தண்ணீரையும் ஒரு பித்தளைத் தூக்கில் சேர்த்துவைத்து, கோயிலுக்குப் போகும்போது கொண்டுபோய் விடுவாள். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் தூக்கு நிரம்பி வழியும். அம்மா வேறு பாத்திரம் தேடிக்கொண்டு சமையலறையில் அலைவாள்.

அந்தச் சமயத்தில்தான் செடி வந்தது.

அத்தை களமசேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். காலையில் பஸ் ஏறி, வைட்டிலாவில் இறங்கி வேறு பஸ் மாறிப் போவாள். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்போம். அவளோடு வேலை பார்க்கும் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல் ஒரு தொட்டியை வைத்திருந்தார். மலையாளி. அம்மா கொடுத்த சாயாவைக் குடித்தார். வைட்டிலாவில் பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டுமா என்று அப்பா கேட்டார். சில நாள் வேண்டும், சில நாள் வேண்டாம் என்று அவர் சொன்னார். அவர் போன பிறகு அப்பா, "செடி நன்னா இருக்கு" என்றார். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலம் அத்தை அப்பாவிடம் ஏதோ கேட்டாள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. "பார்க்கலாம்" என்று அப்பா சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த மனிதருக்கு 'அந்தக் களமசேரிக்காரர்' என்று பெயர். அம்மா அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள்.

செடி கள்ளி வகையாம். கள்ளியை வீட்டுக்குள் வைப்பார்களா என்று அம்மா முதலில் தயங்கினாள். ஆனால் அதில் முள் இல்லை. தடித்த இலைகள் ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு, ஓரம் லேசாகச் சிவந்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு தாமரைப் பூப்போல இருந்தது. அம்மா மனம் மாறிவிட்டாள். தாமரை என்றால் லட்சுமி, தாமரை என்றால் தண்ணீர். பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஜன்னலில் அதற்கு இடம் கொடுத்தாள். மறுபடியும் ஒழுகிக் கட்டிடத்துக்காரர் ஏறி வரக் கூடாதே என்று அடியில் ஒரு ஆழமான நீல பேசினையும் வைத்தாள். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா கிருஷ்ணனின் கிண்ணத்தைச் செடியில் கவிழ்த்தாள். அப்பா இரண்டு வேளையும் தாம்பாளத்தைக் கவிழ்த்தார். தன் தண்ணீர் மட்டும்தான் செடிக்குப் போகிறது, மற்றவர் தண்ணீர் வழக்கம்போலத் தூக்கில் சேர்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். தூக்கோ பால் வாங்கிவரப் போய்க்கொண்டிருந்தது.

மழைக்காலம் பாதி கடந்தபோது தாமரையின் நிறம் மாறியது. கீழ் இலைகள் மஞ்சளாகி, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி ஆயின. தொட்டால் கையோடு வந்தன. தாகத்தில் வாடுகிறது என்று அம்மா முடிவு செய்து, கிருஷ்ணனை இன்னும் ஒரு சொம்பு கூடுதலாகக் குளிப்பாட்டினாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அம்மாவே எனக்கு இட்லி வைக்கும்போது சொல்வாள். அது இட்லிக்கு மட்டும் என்று நினைத்திருந்தாளோ என்னவோ.

அத்தை காலையில் அவசரமாக ஓடி, இருட்டியபின் வருபவள். செடியை வெளிச்சத்தில் பார்க்க அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. அவள் தொட்டியைத் தூக்கினாள். பேசினில் பழுப்பாகத் தண்ணீர் நின்றது. அதிலிருந்து புளித்த பால் வாடை வீசியது.

யார் இதற்குத் தண்ணீர் ஊற்றியது என்று அத்தை கேட்டாள். நான் ஊற்றவில்லை என்றாள் அம்மா. நானும் ஊற்றவில்லை என்றார் அப்பா. இருவர் முகத்திலும் பொய்யின் சாயல்கூட இல்லை. அத்தை பேசினைத் தூக்கி அம்மாவின் மூக்கருகே காட்டினாள்.

"அது ஜலமா? அபிஷேகத் தீர்த்தமாக்கும்" என்றாள் அம்மா.

அப்பா தன் பங்கைச் சொல்லாமலே தாம்பாளத்தைப் பார்த்தார். அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது செத்துப்போனா நான் அவர்கிட்டே என்ன சொல்லுவேன் மன்னி? எங்காத்துலே வந்தா எதுவும் பொழைக்காதுன்னு சொல்லட்டுமா?"

அப்பா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஒரு செடிக்கு இவ்வளவு பெரிய பேச்சு எதற்கு என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அத்தை ஃபோனைத் தரையில் வைத்து, அந்தக் களமசேரிக்காரர் சொல்லச் சொல்லச் செய்தாள். குரல் அறை முழுக்கக் கேட்டது. தொட்டியைக் கவிழ்த்தபோது மண் கஞ்சிபோல வழிந்தது. வேர்கள் கறுத்து, இழுத்தால் நூலாக வந்தன. கத்திரிக்கோலை வெந்நீரில் கழுவித் துடைத்து, அழுகியதை எல்லாம் வெட்டினாள். தண்டில் கறுப்பு இருக்கும் வரைக்கும் வெட்டிக்கொண்டே போகவேண்டும் என்றது குரல். வெட்டி வெட்டி, கடைசியில் வெள்ளையாக ஒரு துண்டுத் தண்டும் நடுவில் இருந்த கொஞ்சம் இலையும்தான் மிஞ்சின. தாமரை மொட்டாகச் சுருங்கிவிட்டது. இனி இதைப் புது மண்ணில் நட்டுவிடலாமா என்று அத்தை கேட்டாள்.

அடுத்த அறையில் அதுவரை ஒரு பக்கம்கூடப் புரளாத செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது. அப்பா வாசலில் வந்து நின்றார்.

"வெட்டின எடம் காயாம நடப்படாது. ஈரத்தோட மூட்டை கட்டினா மிளகும் பூசணம் பூத்துப்போகும்."

ஃபோனிலிருந்து "அதே, அதே" என்று அவசரமாக ஆமோதிக்கும் குரல் வந்தது. அப்பா அதற்குமேல் நிற்கவில்லை.

அந்த மொட்டை ஒரு செய்தித்தாளில் கிடத்தி அலமாரியின் மேல் வைத்தார்கள். வெட்டிய இடம் வறண்டு தோல் கட்டிய பிறகு, மணலும் உடைந்த ஓட்டுச் சில்லும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில் நட்டார்கள். நட்டதும் தண்ணீர் விடக் கூடாது. பிறகும் கீழ் இலை சுருங்கினால்தான் விடவேண்டும். அப்போதும் தலையில் விடாமல், ஓரமாக மண்ணில் மட்டும், அடி ஓட்டை வழியாக வெளியே வரும் வரை விட்டு, வழிந்ததை உடனே எடுத்துவிடவேண்டும். உள்ளே விரல் விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் செடிப் பக்கமே போகக் கூடாது. அத்தை இதை எங்கள் மூவருக்கும் பாடம்போல் ஒப்பித்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "சரி, அப்போ அந்த ஜலத்தையெல்லாம் எங்கே கொண்டு விடறது?" என்றாள். நியாயமான கேள்விதான். அம்மாவுக்கு முழங்கால் வலி. தினமும் படி இறங்கி ஏற முடியாது. அத்தைக்கு நேரம் கிடையாது. என் கையில் கொடுத்தால் பாதி படியிலேயே சிந்தும். எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"பார்க்கலாம்" என்றார் அப்பா.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சட்டை போடாமல் அவர் ஜன்னல் பக்கம்கூட வரமாட்டார். தெருவில் மூட்டை தூக்குகிறவர்களும் சாயாக்கடைக்காரரும் அவரைக் கண்டால் சாமி என்று கொஞ்சம் விலகி நிற்பார்கள். அவரும் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவார். அந்தத் தெருவில் அத்தனை வருஷம் இருந்தும் சாயாக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூட ஆட்டோவுக்காகக் கீழே நின்றுகொண்டிருந்தேன். ஆட்டோவில் என் வகுப்புப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா. இடுப்பில் ஈர வேட்டி, வெறும் மார்பில் பூணூலும் விபூதியும், ஒரு கையில் தாம்பாளம், மறு கையில் அம்மாவின் கிண்ணம். சிந்தாமல் இருக்க அடி அடியாக வைத்து, சரக்கு லாரிக்கும் சைக்கிளுக்கும் நடுவே ரோட்டைக் கடந்தார். சாயாக்கடைக்குப் பின்னால் மதிலோரமாக ஒரு தென்னை உண்டு. அதன் அடியில் குனிந்து ஊற்றினார். தெருவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"சாமி, இதெந்தா பரிபாடி?" என்று சாயாக்கடைக்காரர் கேட்டார், என்ன கூத்து இது என்பதுபோல.

மேலே ஒரு செடி இருக்கிறது, அதற்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று அப்பா மலையாளத்தில் விளக்கினார். ஒத்துக்கொள்ளாத செடியை யார் கொடுத்தார்கள் என்று கடைக்காரர் விடாமல் கேட்டார். அப்பா காலித் தாம்பாளத்தை ஒருமுறை உதறினார்.

"நம்மட ஆளு தந்நதா."

நம்ம ஆள் ஒருவர் கொடுத்தது. வேண்டுமென்றே உரக்கச் சொன்னதுபோல இருந்தது. மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். ஆட்டோவில் என் வகுப்புப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் அத்தை வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவமானமாகத்தான் இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அப்பா அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். மழை பெய்த நாளில் ஒரு தோளில் குடையை இடுக்கிக்கொண்டு போனார். நாளாவட்டத்தில் லாரிக்காரர்கள் அவருக்காக வண்டியை நிறுத்த ஆரம்பித்தார்கள். செடியும் பிழைத்துக்கொண்டது. நடுவில் ஒரு புது இலை அரிசியளவில் எட்டிப் பார்த்தது. அப்பா மிளகு மூட்டையில் விடும் அதே விரலைத் தொட்டியில் விட்டுப் பார்த்து, "இன்னிக்கு வேண்டாம்" என்று அறிவிப்பார். என் அவமானம் மட்டும் ஆட்டோவில் தினமும் புதிதாக முளைத்தது.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் என் யோசனையைச் சொன்னேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் செடியை அவருக்கே திருப்பிக் குடுத்துடுங்கோ அத்தை. நம்மாத்துலே இதுக்கு எடமில்லை."

அம்மாவின் கத்தி நின்றது. அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே, "குழந்தை சொல்றதும் சரிதானே" என்றார். அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி அணைத்தாள்.

"குடுத்துடலாம் குட்டி. நானே கொண்டு போய்க் குடுத்துடறேன்."

ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. எனக்குப் பட்டுப் பாவாடை கிடைத்தது. களமசேரிக்காரர் வேட்டி தடுக்கி மணையில் விழப்பார்த்தார். அப்பா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். மறுநாள் அத்தை அவரோடு காரில் ஏறியபோது மடியில் அந்தத் தொட்டி இருந்தது. எனக்கு ஒரே பெருமை. கல்யாணம் பெரியவர்கள் விஷயம், அதில் எனக்குச் சம்பந்தமில்லை. செடியைத் திருப்பிக் கொடுத்தது மட்டும் என் யோசனை. நான் சொன்ன ஒரே வார்த்தையில் அது நடந்துவிட்டது என்று ஆட்டோவில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஒன்றுதான் விளங்கவில்லை. வேண்டாத செடி ஒழிந்ததற்கு, கார் திரும்பி மறைந்த பிறகும் அப்பா ஏன் சட்டையில்லாமல் அவ்வளவு நேரம் தெருவில் நின்றுகொண்டிருந்தார்?