வண்டிக்குள் தூங்காதவன்

என் பெரியம்மா மகளைக் கட்டியவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். தெருக்கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் தொங்குவார். கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்த்து, கொண்டுவந்தவன் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். உறவுக்குள் அவர் பெயரே சிஐடிதான்.

அவர் வீட்டு மாடி அறையில் அவருடைய மச்சினன் இருந்தான். என் பெரியம்மாவுக்குக் கடைக்குட்டி. அப்பா அம்மா போனபின் அவனுக்கு எல்லாமே அக்காள்தான். வேனின் இரண்டாவது சாவி அவனிடம் இருந்தது.

திடீரென்று வேன் காலையில் மக்கர் பண்ணத் தொடங்கியது. பேட்டரியோ புதுசு. தள்ளிவிட்டால் நாளெல்லாம் ஓடும், விடிந்தால் செத்துக் கிடக்கும். மச்சினன் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறான் என்று பார்த்தால் கிலோமீட்டரும் ஏறவில்லை.

வண்டிப் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி மருமகளுக்குப் போன் போட்டார். அவள், "உள்ள ஒருத்தன் தூங்காம முழிச்சிருக்கான். நாளைக்கு வந்து பிடிக்கிறேன்" என்றாள். நிற்கிற வண்டியில் எங்கோ கரண்ட் ஓடுவதைப் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள். இவர் அது ஆள்தான் என்று எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் தூக்கம் வராதவன் மச்சினன் ஒருத்தன்தானே.

சாப்பிட உட்கார்ந்தவனிடம், வேனுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு யாரோடு போனில் பேசுகிறாய் என்று கேட்டார். அவன் கை கழுவிவிட்டுப் போய்ப் பையில் துணியை அடுக்கினான். அக்காள் மாடிப்படியில் உட்கார்ந்து வழியை மறித்தாள்.

"அவ வந்து பாக்கட்டும்டா. அதுவரைக்கும் இரு."

மறுநாள் மருமகள் வந்தாள். பேட்டரி வயரைக் கழற்றி, நடுவில் ஒரு சோதனை விளக்கை மாட்டினாள். வண்டி நின்றும் அது எரிந்தது, கரண்ட் எங்கோ ஓடுகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எல்லாம் போயும் விளக்கு அணையவில்லை. ஃபியூஸ் பக்கமே போகாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் சீட்டுக்கடியில் ஓடியது. அங்கே புதுப் பாட்டுப்பெட்டி. அந்த வயரைப் பிடுங்கினாள், விளக்கு அணைந்தது.

"இந்த வயர் யாரு போட்டது மாமா?"

சிஐடி வானத்தைப் பார்த்தார். கடைக்காரன் பழைய வயரை மாட்டி ஏமாற்றிவிடுவான் என்று தானே உட்கார்ந்து போட்ட வயர்.

மச்சினன் பையோடு இறங்கி வந்து சாவியை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"உங்கிட்டயே இருக்கட்டும் மச்சான்."

"வேணாம் மாமா. அடுத்து டீசல் குறையும்."

இப்போது பக்கத்துத் தெருவில் இருக்கிறான். வேன் வாசலில் இல்லாத நேரமாகப் பார்த்து அக்காளிடம் வந்துபோகிறான். அவன் வந்ததை இவர் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார். ஆனால் வாயைத் திறந்து கேட்பதில்லை.