தகர இறக்கையின் மேல் பால்

எழுபதுகளின் தொடக்கம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானத்தின் படம் பேப்பரில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. அதன் முக்கோண இறக்கையைப் பார்த்துப் பார்த்தே மெட்ராசில் விமானப் பொறியியல் படிக்கப் போனவன் நான். கடைசி வருடத்தில் நைனாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் ஒரே பிள்ளை. இரண்டு சட்டையோடு திருவாலங்காடு ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். வந்தவன் நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் பழுக்கும்வரை ஊரிலேயே கிடந்தேன்.

"பொங்கலுக்குள் வந்துவிடு. இல்லையென்றால் இந்த வருடம் போச்சு" என்று ப்ரொபசர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் அதைச் சொன்னால், "அறுப்ப யாருடா பாக்கறது?" என்று அம்மா ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவாள். நான் கிளம்புகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் மோட்டார் புகையும், இல்லாவிட்டால் நைனாவுக்குக் காய்ச்சல் வரும். சே, என்ன பிழைப்பு இது! மெட்ராஸ் போகும் ரயிலின் சத்தம் வயலில் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் ப்ராஜெக்ட் அந்த முக்கோண இறக்கைதான். சாதாரண இறக்கையை அளவுக்கு மீறி நிமிர்த்தினால் காற்று அதைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போய்விடும், விமானம் விழுந்துவிடும். முக்கோண இறக்கையில் கதையே வேறு. கீழேயிருந்து வரும் காற்று இரண்டு ஓரங்களையும் தாண்டி மேலே ஏறியதும், உள்பக்கமாகச் சுருண்டு, இரண்டு சுழல்களாக இறக்கையின் மேலேயே ஓடும். அந்தச் சுழலுக்குள் அழுத்தம் குறைவு. அதனால் இறக்கை மேலே தூக்கப்படுகிறது. இன்னும் நிமிர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் சுழல் திடீரென்று உப்பி உடைந்துவிடும். எந்தச் சாய்வில் உடைகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. காற்று செய்வதைத் தண்ணீரும் செய்யும். தண்ணீரில் என்றால் கண்ணாலேயே பார்க்கலாம். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பம்புசெட்டும் சிமெண்ட் வாய்க்காலும் இருந்தன.

பொங்கல் நெருங்கியதும் ஒருநாள், மறுநாள் காலை பாசஞ்சரில் போய்விடுவது என்று முடிவு செய்து பையைக் கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வெறுங்கையோடு ப்ரொபசர் முன்னால் போய் நிற்க மனசு வரவில்லை. எண்ணெய் டின்னை வெட்டி முக்கோணம் செய்து, கம்பியில் கட்டி, வாய்க்காலுக்குள் இறக்கினேன். சாக்கைச் சுருட்டி அடைத்துத் தண்ணீரின் வேகத்தைக் குறைத்தேன். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து விட்டால் அது உடனே கலங்கிப்போனது. அடுப்பங்கரைக்குப் போய் ஒரு சொம்பு பாலை எடுத்து வந்தேன். சைக்கிள் வால்வ் டியூப் வழியாக அதைத் தகரத்தின் முனையில் சொட்ட விட்டேன்.

அடேயப்பா! வெள்ளை வெளேரென்று இரண்டு இழைகள், இரண்டு ஓரத்திலும் முறுக்கிக்கொண்டு ஓடின. கம்பியை வளைத்துத் தகரத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன். ஒரு இழை பொசுக்கென்று உப்பிச் சிதறியது. அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அம்மா வந்தாள். சொம்பைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள், மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி! யாருக்குடா பாலு ஊத்தற? அந்த மனுசன் இன்னும் உசுரோடதான கீறாரு!"

எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான் அப்படிப் பால் ஊற்றுவார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. படித்துப் படித்து மூளை மழுங்கிவிட்டது போலிருக்கிறது. அவள் அழுதுகொண்டே உள்ளே ஓடி நைனாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சரி, இன்றைக்கு வண்டி வண்டியாகத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். விழட்டும், நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ராத்திரியே ஸ்டேஷனில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

நைனா திட்டவில்லை. "என்னத் தூக்கினு போங்கடா, நானும் பாக்கணும்" என்று குழறினார். பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் நானும் அவரை நாற்காலியோடு தூக்கிவந்து வாய்க்கால் ஓரத்தில் வைத்தோம்.

"ஊத்து" என்றார்.

மிச்சமிருந்த பாலை விட்டேன். இழைகள் சுருண்டு ஓடின. அவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாடா இது?"

"இதுதான் நைனா ப்ளேன மேல தூக்குது."

"இதத்தான் மெட்ராஸ்ல படிச்சிக்கினு இருந்தியா?"

"ஆமா நைனா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாதி வாயால் சிரித்தார். படுத்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மாவைக் கூப்பிட்டார்.

"இத்தப் பாக்கவா இவன் அம்மாம் தூரம் போவணும்? நாளைலேந்து டெய்லி ஒரு சொம்பு பாலு இவனுக்கு எடுத்து வெச்சிடு. எம்புள்ள இங்கியே பாக்கட்டும்."

அது இல்லை நைனா, பரீட்சை இருக்கிறது, பட்டம் இருக்கிறது என்று எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எந்த வாயால் சொல்வேன்? "சரி நைனா" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கமாக வெளியே வந்தேன். வாய்க்கால் ஓரத்தில் சொம்பு நிறையப் பால், நுரைகூட அடங்காமல் இருந்தது. அப்போது எங்களிடம் கறவையில் இருந்தது ஒரே ஒரு பசு. உள்ளே அம்மா நைனாவுக்குப் பால் விடாத வரக்காபியை ஆற்றி ஆற்றிப் புகட்டிக்கொண்டிருந்தாள். நான் பையை இறக்கி வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டேன்.