ஓகஸ்ட்டுக்குள் மெலியட்டும்

அக்கா போத்தல் மூடியைத் திறந்ததும் குசினி முழுக்க நல்லெண்ணெய் மணந்தது. கொழும்பின் காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தம் ஜன்னலால் ஏறிவந்துகொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டியும் அந்த மணம் என்னை விடவில்லை.

ஒன்பது வயதில் நான் பெரியவளானேன். வகுப்பில் வேறு யாருக்கும் வராதது எனக்கு வந்தது. காலையில் பச்சை முட்டை, அதன்மேல் நல்லெண்ணெய், மத்தியானம் உளுத்தங்களி. இடுப்பு உரமாக வேண்டுமாம். சடங்கைப் பள்ளிக்கூட விடுமுறைக்குத் தள்ளிவைத்தார்கள். அது நெருங்க நெருங்க, ஊட்டிய அதே கைகள் சோற்றுக் கோப்பையைப் பிடுங்கின. வீடியோவில் குண்டாகத் தெரிவேனாம். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் வாந்தியெடுக்கப் பழகினேன். தைத்த சட்டை தோளில் தொங்கியது. ஊசி குத்தி இறுக்கினார்கள். "இப்பதான் வடிவு" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனையோ வருடம் பட்டினி கிடந்தேன். கண்ணாடியில் எலும்பு தெரியத் தெரிய எனக்குச் சந்தோஷம்.

இப்போது என் மகளுக்கு ஒன்பது. போன கிழமை அவளுக்கும் வந்துவிட்டது. அதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து அக்கா முட்டையும் எண்ணெயுமாக வெள்ளவத்தைக்கு வந்து நிற்கிறாள்.

"சடங்கு வைக்க ஓகஸ்ட்டுக்கு ஹோல் பாத்திட்டன். கனடா ஆக்களும் நிப்பினம். இப்ப நல்லாக் குடு. பிறகு சோத்தைக் குறை, ஓகஸ்ட்டுக்குள்ள மெலியட்டும். வயிறு தள்ளினா சாறி நிக்காது."

"அவளுக்கு என்னத்துக்கு அக்கா சாறி? சப்பாத்து லேஸே இன்னும் ஒழுங்காக் கட்டத் தெரியாது."

"நீயும் கட்டினனீதானே. செத்தா போனாய்?"

"கிட்டத்தட்ட."

அக்கா என்னைப் பார்க்காமல் முட்டையை உடைத்துக் கோப்பையில் ஊற்றினாள். மகள் மேசையில் கையூன்றி அதை எட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மா, இதைக் குடிச்சா மொத்தமா வருவனா, மெலிவனா?"

அக்கா கோப்பையை அவளிடம் நீட்டினாள். நான் அதை வாங்கித் தாச்சியில் கவிழ்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பொரித்து, பாண் துண்டோடு மகளுக்கு வைத்தேன். கன்னம் புடைக்கச் சாப்பிட்டாள்.

"சடங்கில எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டு இருப்பினமா அம்மா?"

"ஓம்."

"அப்ப வேணாம்."

அந்த உடம்பு அவளுக்கே இன்னும் புதிது. அதை மேடையேற்றி, மாலை போட்டு, உறவுக்காரரின் வாய்க்குக் கொடுக்கமாட்டேன். நேரத்தோடு வந்தால் என்ன, பருத்தால் என்ன, மெலிந்தால் என்ன. பசித்தால் அவள் சாப்பிடுவாள். பாதி வயிற்றில் அவளை எழுப்பிவிட இந்த வீட்டில் ஒருவருக்கும் உரிமையில்லை, எனக்கும்தான்.

லிஃப்ட் வாசல்வரை அக்காவோடு போனேன். கதவு திறந்தும் அவள் உள்ளே ஏறவில்லை.

"அப்ப ஆக்களுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"சடங்கு இல்லையெண்டு சொல்லுங்கோ. ஏனெண்டு கேட்டா என்ர நம்பரைக் குடுங்கோ, நான் கதைக்கிறன்."