பெட்டியில வந்த பிரேக்கு

எங்க வீட்டுக்காரரு வச்சிருந்தது ஒரு பழைய பிரெஞ்சு பிக்கப்பு. ஊரைக் காலி பண்ணிட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பம் ஒண்ணு வித்துட்டுப் போனது. ஸ்டியரிங் எடது பக்கம். நம்ம ரோட்டுல ஒரு மாட்டு வண்டியைத் தாண்டணும்னாகூட, எதிர பஸ்ஸு வருதான்னு பார்த்துச் சொல்ல வலது பக்கம் ஒரு ஆளு உக்காரணும். கல்யாணமான புதுசுல அந்த ஆளு நான்தான். "போலாங்க"ன்னு நான் சொல்ல, பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டு உரசினாப்பல போவான். அப்போ பிடிச்ச பயம் எனக்கு.

அவருக்கு வேலை, பிள்ளைச்சாவடிக் குப்பத்துலேருந்து டவுன் மார்க்கெட்டுக்கு மீன் ஏத்தறது. எங்க வீடும் அங்கதான், ரோட்டோரம். கரையில பலகை போட்டு வண்டியைப் பின்னாலயே விட்டுடுவாரு. பின்சக்கரம் ரெண்டும் அலைத்தண்ணியில நிக்கும். கூடைங்க ஏறும், ஐஸு ஏறும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கு, பின்சக்கரத்துக்கு டிரம். அந்த டிரம் இருக்கே, மூடி போட்ட சட்டி மாதிரி. உப்புத்தண்ணியும் மணலும் உள்ள பூந்துடுச்சுன்னா லேசுல வெளிய வராது. ரோட்டுக்கு ஏறி பிரேக்கை மிதிச்சா வண்டி கேட்டாத்தானே? ஒரு நாளு லோடோட போய் முத்தியால்பேட்டையில ஒரு வீட்டு வாசல்ல கொட்டி வச்சிருந்த மணல்ல ஏறித்தான் நின்னுச்சு. பக்கத்துல ஒரு அம்மா கைக்குழந்தையோட நின்னுக்கிட்டு இருந்திருக்கு.

அன்னிக்கு ராத்திரி நான் சோறு போடல. "என்னிக்காவது உன்னைப் பாயில சுத்திதான் கொண்டாரப் போறாங்க, நான் பார்த்துக்கிட்டு நிக்கப் போறேன்"னு கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்துடும் எனக்கு, கோவம் வந்தா. அவரு சிரிச்சாரு. "அண்ணனுக்கு எழுதியிருக்கேன்டி, ஏதாவது செய்வாரு"ன்னாரு.

அண்ணன்னா என் மூத்தாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா இருந்து, பென்சன் வாங்கிக்கிட்டு, அந்த நாட்டுலயே ஒரு வேலையும் பார்த்துக்கிட்டிருந்தாரு. ஒரே வயித்துல பொறந்தவங்க, அவரு பிரெஞ்சுக்காரரு, இவரு இந்தியாக்காரரு. மாமனாரு சின்ன வயசுலயே போயிட்டதால தம்பியைத் தூக்கி வளர்த்தது, படிக்க வச்சது, இந்த பிக்கப்பையே வாங்கிக் குடுத்தது எல்லாம் அவருதான். எங்க வீட்டுக்காரரு சாமி படத்துக்கு முன்னாடி நிக்கறதை நான் பார்த்ததில்லை. அண்ணன் காயிதம் வந்தா மட்டும் கையைக் கழுவிட்டு வந்து பிரிப்பாரு.

லீவுல மூத்தாரு வந்தாரு. சொந்தக்காரங்க அத்தனை பேரும் பெட்டியைச் சுத்தி உக்காந்துட்டாங்க. செண்டு, சோப்பு, சாக்லேட்டுன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு. பெட்டியைத் தொறந்தா, மேல ரெண்டு டவலு, அடியில பூரா இரும்பு. ரெண்டு வட்டத் தட்டு, அதைக் கவ்விப் பிடிக்கிற ரெண்டு காலிப்பரு, இன்னும் என்னென்னமோ. ஏதோ பழைய கார் உடைக்கிற எடத்துல போய், குளிருல நின்னு கழட்டிக்கிட்டு வந்தாராம். மெட்ராஸ் ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ்காரன் உள்ள தங்கம் இருக்கான்னு சுரண்டிப் பார்த்தானாம். பெட்டி தூக்கித் தூக்கித் தோள்பட்டை வீங்கிப் போயிருந்துச்சு அவருக்கு.

"டிரம்மைத் தூக்கிப் போட்டுட்டு இதை மாட்டுடா. டிஸ்க்குல தண்ணி தங்காது. எம் புள்ள மாதிரி நீ. தெனம் நினைச்சுக்கிட்டே கெடக்கறேன்"னாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. செண்டு வரலைன்னு ஒருத்தி மொகத்தைத் தூக்கிக்கிட்டுப் போனா. போகட்டும்னு விட்டேன்.

மூத்தாரு லீவு முடிஞ்சு கிளம்பினப்புறம் முத்தியால்பேட்டை பட்டறையில வண்டியை விட்டோம். மெக்கானிக்கு முன்ன மில்லுல ஃபிட்டரா இருந்தவரு. இந்த மாதிரி மாத்தறது அவருக்கும் புதுசு. டிரம்மு இருந்த எடத்துல காலிப்பரை நிறுத்தறதுக்குத் தகடு வெட்டணும், லேத்துல கடையணும், ஓட்டை பொருந்தாது, மறுபடி வெட்டணும். பின்சக்கரம் இல்லாம வண்டி கட்டை மேல உக்காந்திருந்துச்சு. வருமானம் நின்னு போச்சு. நான் தெனம் பஸ் ஏறிப் போய், "அண்ணே, இன்னிக்காவது ஆவுமா?"ன்னு கேப்பேன். "ஆவும்மா, ஆவும்"னுவாரு. இரும்புகிட்ட என் வாய் செல்லுமா? திரும்பி வந்துடுவேன்.

ஒரு வழியா மாட்டி முடிச்சாரு. ஹேண்ட் பிரேக்கு மட்டும் இல்லாம போச்சு; நிறுத்தற எடத்துலயெல்லாம் சக்கரத்துக்குக் கல்லு வைக்க வேண்டியதாச்சு. அதை விடுங்க. லோடோட ஓட்டிப் பார்த்தாரு பாருங்க, தொட்டா நிக்குது. கடல்தண்ணியில நின்னுட்டு வந்தாலும் நிக்குது. அன்னிக்கே மூத்தாருக்குக் காயிதம் போட்டாரு: அண்ணே, பிரேக்கு பிரமாதம்.

மறுநாள் டவுன்ல மீனை இறக்கிட்டு வெறும் வண்டியா திரும்பினப்பதான் தெரிஞ்சுது. ஒரு நாயி குறுக்க வந்துச்சுன்னு மிதிச்சிருக்காரு. பின்சக்கரம் ரெண்டும் அப்படியே பூட்டிக்கிச்சு. வண்டி நிக்காம வாலைச் சுழட்டி, டவுனைப் பார்த்துத் திரும்பி நின்னுடுச்சு. மெக்கானிக்கு குனிஞ்சு பார்த்துட்டுத் தலையைச் சொறிஞ்சாரு. "பின்னால கனம் இருந்தா பிரச்சினை இல்ல. கனம் இல்லேன்னா பின்பிரேக்கு ஓவரா பிடிக்குது, சக்கரம் வழுக்குது. பின்னாடி போற அழுத்தத்தைக் குறைக்கிறதுக்கு ஒரு வால்வு வேணும். இங்க கிடைக்காது. உங்க அண்ணனுக்கு எழுதுங்க." பழைய டிரம்மையே மாட்டிடலாம்னா, அது கழட்டும்போதே வெடிச்சுப் போச்சு.

எழுதுங்கன்னேன். மாட்டேன்னாரு. "நல்லாருக்குன்னு எழுதிட்டேன். இப்பப் போய், நீ தூக்கிட்டு வந்தது சரியில்லைன்னு எப்படிடி எழுதறது? அவரு மனசு உடைஞ்சு போவும்." சண்டை போட்டேன், அழுதேன், பட்டினி கெடந்தேன். நானே ஒரு காயிதம் எழுதி பீரோ மேல வச்சிருந்தேன். அதைப் பார்த்துட்டுக் கிழிச்சுப் போட்டாரு. அடிச்சிருந்தாக்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன். "என் மேல சத்தியம், அண்ணனுக்கு நீ எழுதக்கூடாது"ன்னுட்டாரு. புருசன் மேல சத்தியத்தை வச்சுக்கிட்டு எந்தக் கையால எழுதறது?

அதுக்கப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடிச்சாரு. மீன் வித்துட்டுக் குப்பத்துக்குத் திரும்பற பொம்பளைங்களை மார்க்கெட்டுலேருந்து சும்மா ஏத்திக்கிட்டு வருவாரு. மணல் மூட்டை போடுங்களேன்னு கேட்டேன். "மூட்டைன்னா கரையில நாமதான் இறக்கி ஏத்தணும். இவங்கன்னா தானா ஏறி, தானா இறங்கிக்குவாங்க"ன்னாரு. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல எனக்கு.

அவங்களுக்கு விசயம் தெரியாமயா இருக்கும்? அதுல ஒருத்தங்க நல்ல கனம், எல்லாருக்கும் பெரியக்கா. ஏறினதும் பின்சக்கரத்துக்கு நேர் மேல போய் உக்காந்துக்குவாங்க. "தம்பி என்னை அழகுக்காடி ஏத்துறாரு? எடைக்குத்தான் ஏத்துறாரு. இத்தினி நாளு இந்த ஒடம்பால ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்ல, இப்ப ஒரு வண்டி நிக்குது"ம்பாங்க. குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாங்க எல்லாரும். கூடை சீக்கிரம் காலியானாலும் பஸ்ஸுல போகாம, கடைசி ஆளு வித்து முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாங்க. மத்தியானம் அந்தக் கும்பலோட சத்தம் ரோட்டுல கேட்டாத்தான் எனக்கு மூச்சே வரும். அப்புறம்தான் ஒலை வைப்பேன்.

அந்தப் பெரியக்காதான் நெஞ்சு வலின்னு படுத்து, விடியறதுக்குள்ள போயிட்டாங்க. குப்பத்துல சாவு விழுந்தா அன்னிக்கு எவனும் கடலுக்குப் போக மாட்டான். மார்க்கெட்டுக்கும் யாரும் போக மாட்டாங்க. டவுனுக்குப் போய் மாலை, கோடித்துணியெல்லாம் வாங்கி வரணும்னாங்க. "நான் போறேன்"னு இவரு எழுந்துட்டாரு. லேசா தூறல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. ஓடிப் போய் வண்டியை மறிச்சுக்கிட்டு, "பஸ்ஸுல போங்க, இல்ல நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போங்க"ன்னேன். "சாவு வீட்டுல அழுதுக்கிட்டு இருக்கறவளுங்களை எடைக்கு வாங்கன்னு கூப்பிடச் சொல்றியா? மெதுவாப் போறேன், நகருடி"ன்னாரு. நகர்ந்தேன். நான் வேற என்ன செய்யறது?

திரும்பி வரும்போது, கருவடிக்குப்பம் தாண்டினதும், பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒண்ணு சைக்கிள்ல குறுக்க திரும்பிடுச்சு. மிதிச்சிருக்காரு. வண்டி சுழண்டு, எடது பக்கத்தைக் கொண்டுபோய் ஒரு புளியமரத்துல மோதிடுச்சு. அந்தப் பக்கம்தானே ஸ்டியரிங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சு போச்சு. எங்க வீட்டுல இருந்து பார்த்தா பெரியக்கா வீட்டுப் பந்தல் தெரியும். அன்னிக்கு ரெண்டு பந்தல்.

மூத்தாரு கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தாரு. ஆளு பாதியாயிட்டாரு. காரியமெல்லாம் முடிஞ்சு, வந்தவங்க சாப்பிட்டுக் கலைஞ்சப்புறம் என் எதிர வந்து தரையில உக்காந்தாரு. வாசல்ல மெக்கானிக்கு நின்னுக்கிட்டு இருந்தாரு. "ஏம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தச் செய்தி வந்ததுலேருந்து கண்ணு மூட முடியல. நான் கொண்டாந்த பிரேக்கு... அது பிடிச்சுதா, பிடிக்கலையா?"

மெக்கானிக்கு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. யாரையாவது திட்டணும்னு எனக்கு நெஞ்செல்லாம் எரியுது. யாரைத் திட்டுறது? தோள்பட்டை வீங்கத் தூக்கிக்கிட்டு வந்தவரையா? எழுத மாட்டேன்னு போய்ச் சேர்ந்தவரையா? செத்துப் போன பெரியக்காவையா? கேட்டவரு மொகத்தைப் பார்த்தேன். புள்ளையைப் பறிகொடுத்தவரு மொகம் அது.

"நல்லாப் பிடிச்சுது மாமா. அந்தப் பொண்ணு மேல ஒரு கீறல் இல்ல"ன்னேன்.

அவரு நீளமா ஒரு மூச்சு விட்டாரு. "அது போதும்மா எனக்கு"ன்னாரு. நான் எழுந்து உள்ள போய், கதவைச் சாத்திக்கிட்டு, முந்தானையைச் சுருட்டி வாயில அடைச்சுக்கிட்டேன்.